மண்ணு ஈரமாத்தான் இருக்கு, அப்புறம் செடி ஏன் வாடுது?

நீங்க கேட்டது இதுதானே: விளாத்திகுளம் பக்கம் உங்க அப்பா கரிசல் காட்டுல மிளகாயும் கொஞ்சம் பருத்தியும் போட்டிருக்காரு, மார்கழியோட மழை நின்னுபோச்சு, தை பாதியில மிளகாய் தொங்க ஆரம்பிச்சிருச்சு, ஆனா ஒரு சாண் தோண்டி மண்ணை எடுத்தா பிசுபிசுன்னு கையில ஒட்டுது, ஈரம் இருக்கும்போது செடி ஏன் வாடணும். மாமா ஊரு செம்மண்ல அரை இன்ச் மழைக்கே பச்சை பிடிக்குது நமக்கு ஏன் பிடிக்க மாட்டேங்குது, கண்மாய் வண்டல் அடிச்சா சரியாகுமான்னும் கேட்டிருக்கீங்க. மூணும் ஒரே கேள்விதான். அதனால ஒண்ணா சேர்த்து கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

மண்ணுல எவ்வளவு தண்ணி இருக்குன்னு பார்த்தா பதில் கிடைக்காது. அந்த தண்ணியை மண்ணு எவ்வளவு இறுக்கமா புடிச்சு வச்சிருக்குன்னு பார்க்கணும். கையில ஒட்டுற ஈரம் நம்ம விரலுக்கு தெரியுது, வேருக்கு அது கிடைக்குமாங்கறது வேற விஷயம். ஈரத்துணியை நல்லா முறுக்கி பிழிஞ்ச பிறகும் அது ஈரமாத்தான் இருக்கும், ஆனா இன்னும் எவ்வளவு முறுக்கினாலும் ஒரு சொட்டு வராது, கரிசல் மண்ணு தை மாசத்துல அந்த நிலைமையிலதான் இருக்கு.

அது எப்படின்னா, மண்ணுங்கறது பாதி இடம்தான் கெட்டி, மீதி பாதி கிட்டத்தட்ட ஓட்டை. பெரிய மழை பெஞ்சதும் எல்லா ஓட்டையும் தண்ணியால நிறையும், அதுல பெரிய ஓட்டையில இருக்குறது ஒண்ணு ரெண்டு நாள்ல (களிமண்ணுனா இன்னும் கூட நாளாகும்) தானா கீழ இறங்கி போயிடும், அந்த இடத்துல காத்து வரும். சின்ன ஓட்டையில இருக்குறது இறங்காது. தண்ணி மண் துகளோட ஒட்டிக்கும், தண்ணியும் தண்ணியும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கும், ரெண்டும் சேர்ந்து புவியீர்ப்பை எதிர்த்து புடிச்சுக்கும். ஓட்டை எவ்வளவு சின்னதோ பிடி அவ்வளவு இறுக்கம். ஒரு கணக்கு சொல்றேன், 0.03 மில்லிமீட்டர் அகல ஓட்டை ஒரு மீட்டர் உயர தண்ணியை தாங்கி நிக்கும், அதுல பத்துல ஒரு பங்கு அகலம்னா பத்து மீட்டர் தாங்கும். இப்படி தானா வடிஞ்சது போக மண்ணு புடிச்சு வச்சிருக்கற அளவைத்தான் வயல் கொள்திறன்னு சொல்லுவாங்க, அந்த நேரத்துல மண்ணோட பிடி மணல்ல 0.1 பார், கனமான மண்ணுல 0.33 பார் மாதிரி இருக்கும் (பார்ங்கறது அழுத்தத்தோட அளவு, ஒரு பார்னா சுமாரா பத்து மீட்டர் உயர தண்ணி தர்ற அழுத்தம்). வேருக்கு இது ஒண்ணுமே இல்ல, சுலபமா எடுத்துக்கும்.

செடி எடுக்க எடுக்க முதல்ல பெரிய ஓட்டை காலியாகும், அப்புறம் அதைவிட சின்னது, அப்புறம் அதைவிட சின்னதுன்னு பிடி ஏறிக்கிட்டே போகும். 15 பார் வந்ததும் பெரும்பாலான பயிர் கைவிட்டுடும். 15 பார்னா 150 மீட்டர் உயர தண்ணி தர்ற அழுத்தத்துக்கு சமம், அந்த பிடியில தண்ணி தங்கியிருக்கற ஓட்டையோட அகலம் 0.2 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), வேர்த்தூவியோட அகலமே 10 மைக்ரான் கிட்ட வரும்னா பாத்துக்கோங்க. இதைத்தான் நிரந்தர வாடல் நிலைன்னு சொல்றது. இந்த ரெண்டு நிலைக்கும் நடுவுல இருக்குற தண்ணி மட்டும்தான் பயிருக்கு சொந்தம். அதுக்கு மேல இருக்குறது வடிஞ்சு போகும், கீழ இருக்குறது மண்ணுக்கே சொந்தம்.

இதுல ஒரு அழகான விஷயம் இருக்கு. 1912ல அமெரிக்க விவசாயத்துறையில இருந்த பிரிக்ஸ், ஷான்ட்ஸ் ரெண்டு பேரும் பல வகை செடிகளை ஒரே மண்ணுல வளர்த்து எது எந்த ஈரத்துல வாடுதுன்னு அளந்து பார்த்தாங்க. வறட்சி தாங்குற செடி மண்ணை இன்னும் காய வச்சு உறிஞ்சும்னு எல்லாரும் நினைச்சிருந்தாங்க, ஆனா ஒரே மண்ணுல வறட்சி செடியும் சாதா செடியும் கிட்டத்தட்ட ஒரே ஈரத்துலதான் வாடுச்சு, மண்ணை மாத்தினாதான் அளவு மாறுச்சு. ஏன்னா அந்த காய்ஞ்ச நிலைமையில ஒரு செடி 15 பாருக்கு பதிலா 25 பார் இழுத்தாலும் கூடுதலா கிடைக்கற தண்ணி ரொம்ப கொஞ்சம். நம்ம ஊர் கம்பும் சோளமும் வறட்சி தாங்குறதுக்கு காரணம் ஒரே இடத்துல இன்னும் பலமா உறிஞ்சறது இல்ல, காரணம் பெரும்பாலும் வேற எடத்துல இருக்கு, வேர் ஆழமா போறது, இலையை சுருட்டிக்கிட்டு செலவை குறைச்சுக்கறது இதெல்லாம்தான்.

சரி இப்ப கரிசலுக்கு வருவோம். களி துகள்னா 0.002 மில்லிமீட்டருக்கும் கீழ, அதுலயும் ரெண்டு ஜாதி இருக்கு. செம்மண்ல அதிகமா இருக்குறது கயோலினைட், அது ஒரு கிராமுக்கு 10லேருந்து 20 சதுர மீட்டர் பரப்பு வச்சிருக்கும். கரிசல்ல இருக்குறது ஸ்மெக்டைட் வகை, தண்ணி அதோட தகடுகளுக்கு நடுவுலயே நுழைஞ்சுரும், அதனால உள்பரப்பையும் சேர்த்தா கிராமுக்கு 600லேருந்து 800 சதுர மீட்டர் வரைக்கும் போகும். அந்த களியை மட்டும் ஒரு ஸ்பூன் எடுத்தா அதுக்குள்ள கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் பரப்பு அடங்கி கிடக்கு. அந்த பரப்பு முழுக்க மெல்லிசா தண்ணி ஒட்டிக்கிட்டு இருந்தா எடை போட்டு பார்க்கும்போது நிறைய தண்ணி இருக்கும், கையில ஒட்டும், மண்ணு உப்பி வெடிப்பு மூடியிருக்கும், ஆனா வேர் இழுத்தா வராது.

தோராயமான எண் வச்சு பார்த்தா தெளிவா புரியும். நல்ல கரிசல்ல வயல் கொள்திறன் கன அளவுல 100க்கு 36, வாடல் நிலை 22ன்னு வச்சுக்கோங்க, அதாவது 20 சதவீதம் ஈரம் இருக்கும்போதே செடிக்கு ஒண்ணும் இல்ல. மணல் கலந்த செம்மண்ல கொள்திறன் 20, வாடல் நிலை 8. கரிசல்ல செடி செத்துப்போற அதே 20 சதவீதத்துல செம்மண் செடி வயிறு நிறைஞ்சு நிக்கும்! உங்க அப்பா கையில ஒட்டுற மண்ணை பார்த்து ஈரம் இருக்குன்னு சொன்னது பொய்யில்ல, அந்த ஈரம் வாடல் நிலைக்கு பக்கத்துல இருக்கற ஈரம்.

அரை இன்ச் மழை கதையும் இதுலயே முடிஞ்சுரும். காய்ஞ்ச கரிசல்ல மேல் மண்ணு ஏற்கனவே ஒரு 10 சதவீதம் வச்சிருக்குன்னு வைங்க, அது 36 வரைக்கும் நனையணும்னா 12 மில்லிமீட்டர் மழை நாலரை சென்டிமீட்டர் ஆழத்தோட நின்னுரும், அதுலயும் பாதி கிட்ட வாடல் நிலைக்கு ஏத்துறதுக்கே செலவாயிடும். செம்மண் 3 சதவீதத்துலேருந்து 20 வரைக்கும் நனைஞ்சா போதும், அதே மழை ஏழு சென்டிமீட்டர் இறங்கும், பன்னெண்டுல எட்டரை மில்லிமீட்டர் செடிக்கு கிடைக்கும். மேல நாலு சென்டிமீட்டர்ல நிக்கற தண்ணியை ரெண்டு மூணு நாள் வெயில் எடுத்துக்கிட்டு போயிரும். அதனால சின்ன சின்ன மழையா பெய்யற வருஷம் செம்மண்ணுக்கு யோகம், கரிசலுக்கு கஷ்டம்.

ஆனா ஐப்பசி கார்த்திகையில அடிச்சு பெஞ்சு ஒரு மீட்டர் ஆழம் வரைக்கும் நிறைஞ்சுருச்சுன்னா கதை தலைகீழ். மேல சொன்ன கணக்குப்படி ஒரு மீட்டர் கரிசல்ல 140 மில்லிமீட்டர் பயிருக்கு கிடைக்கும், மாமா ஊரு செம்மண் பெரும்பாலும் ஒண்ணரை ரெண்டு அடியில சரளை தட்டும், அரை மீட்டர்னா 60 மில்லிமீட்டர்தான். ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டர் செலவுன்னா அங்க 15 நாள், இங்க 35 நாள். மழை நின்ன பிறகும் பருத்தியும் கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் கரிசல்ல விளையறது இந்த சேமிப்பை வச்சுத்தான். பனி ஈரத்துல விளையுதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க, பனி இலையை நனைச்சு காலை நேர செலவை கொஞ்சம் குறைக்கும், அது உண்மைதான், ஆனா பயிரை காப்பாத்துறது கீழ கிடக்கற கார்த்திகை மழை.

இப்ப ஏன் மிளகாய் முதல்ல தொங்குச்சு, பருத்தி ஏன் நிக்குதுன்னு பார்ப்போம். 15 பார் வர்ற வரைக்கும் செடி சந்தோஷமா இருந்துட்டு அன்னைக்கு திடீர்னு வாடுறது இல்ல. மண்ணு காய காய தண்ணி வேருக்கு நகர்ந்து வர்ற வேகமும் பல மடங்கு குறையுது, ஏன்னா தண்ணி போற பாதையே மெல்லிசாகி அறுந்துருது. உச்சி வெயில்ல இலை கேக்கற வேகத்துக்கு மண்ணால குடுக்க முடியல, இலை தொங்குது, ராத்திரி செலவு இல்லாதப்ப மெதுவா வந்து சேர்ந்து விடியக்காலையில நிமிர்ந்துருது. அதனால வாட்டத்தை மத்தியானம் பார்த்து முடிவு பண்ணாதீங்க, காலையில ஆறு மணிக்கு போய் பாருங்க, அப்பவும் தொங்கிக்கிட்டு இருந்தா நிலைமை மோசம். காலையில நிமிர்ந்திருந்தா இன்னும் இருப்பு இருக்கு, ஆனா விளைச்சல் அடி வாங்க ஆரம்பிச்சாச்சு.

எவ்வளவு தூரம் காயவிட்டா விளைச்சல் அடிபடாதுங்கறது பயிருக்கு பயிர் மாறும். ஐநா உணவு வேளாண்மை அமைப்போட பாசன கணக்குல மிளகாய்க்கு கிடைக்கற தண்ணியில 30 சதவீதம், பருத்திக்கு 65 சதவீதம்னு வச்சிருக்காங்க. மிளகாய் வேர் 60 சென்டிமீட்டர்னா கரிசல்ல இருப்பு 84 மில்லிமீட்டர், அதுல 30 சதவீதம் 25 மில்லிமீட்டர், நாளுக்கு 5 செலவுன்னா அஞ்சு நாள்தான் நிம்மதி. பருத்தி வேர் 120 சென்டிமீட்டர்னா இருப்பு 168, அதுல 65 சதவீதம் 109, இருபது நாளைக்கு மேல தாங்கும். ஒரே காடு, ஒரே மழை, ஆனா ரெண்டு பயிரும் வேற வேற கணக்கு வச்சிருக்கு. மானாவாரியில மிளகாய் போட்டா மழை முடிஞ்சு ஒரு உயிர்த்தண்ணி குடுக்க பண்ணைக்குட்டையோ வேற வழியோ இருக்கணும்னு நான் சொல்லுவேன். இல்லாம போடறது சூதாட்டம்தான், அதுவும் விதை, உரம், ஆள் கூலின்னு அவ்வளவு செலவு பண்ணிட்டு.

உயிர்த்தண்ணின்னு சொன்னதும் உங்க போர் தண்ணியை டெஸ்ட் பண்ணினீங்களான்னு கேக்கணும். அந்த பக்கம் நிறைய இடத்துல உப்புத்தண்ணி. உப்பு இருந்தா மண்ணோட பிடி மேல உப்போட பிடியும் சேர்ந்துக்கும், மண் கரைசலோட இசி (உப்போட அளவை காட்டுற மின்கடத்துத்திறன்) 4 இருந்தா அது மட்டுமே கிட்டத்தட்ட 1.4 பார், மண்ணு காய்ஞ்சு தண்ணி பாதியா குறைஞ்சா உப்பு ரெட்டிப்பாகி 2.8 பார் ஆயிடும். 15 பார் பக்கத்துல சின்னதா தெரியலாம், ஆனா மிளகாய் சுகமா இருக்கறது ஒண்ணு ரெண்டு பாருக்குள்ளதான், அங்க இது பெரிய அடி. தண்ணியில சோடியமும் கூட இருந்தா களி துகள் பிரிஞ்சு ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும், அப்புறம் மழை பெஞ்சாலும் உள்ள இறங்காது, மேல சேறா நிக்கும். அந்த தண்ணியை ஒரு தடவை விடறதுக்கு முன்னாடியே மண் பரிசோதனை நிலையத்துல குடுத்து இசியும் சோடியமும் பார்த்துருங்க, செலவு ரொம்ப கம்மி. கெட்டுப்போன மண்ணை ஜிப்சம் போட்டு திருப்பறதுக்கு வருஷக்கணக்காகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கார்த்திகை அடமழையில தண்ணி கட்டி நின்னப்பவும் மிளகாய் தொங்கியிருக்கும், பார்த்திருப்பீங்க. அங்க தண்ணி தாராளம், பிடி பூஜ்ஜியம், ஆனா ஓட்டையில காத்து இல்லாம வேர் மூச்சு முட்டி நிக்குது, மூச்சு முட்டின வேர் தண்ணி எடுக்காது. அப்ப வடிகால்தான் மருந்து.

சரி கரிசல்ல என்ன பண்ணலாம். அங்க வேலை ரெண்டு, மழையை உள்ள இறக்கறது, இறங்கினதை மேல போகாம பார்த்துக்கறது. கோடையில பாளம் பாளமா வெடிச்சு கிடக்கும்போது முதல் மழை வெடிப்பு வழியா நேரா அடி மண்ணுக்கே போயிரும், அது நல்லது. ஆனா மேல் மண்ணு உப்பி வெடிப்பு மூடிக்கிச்சுன்னா அதுக்கப்புறம் தண்ணி இறங்கற வேகம் ரொம்ப ரொம்ப குறைஞ்சுரும், பலமா பெய்யற மழை ஓடைக்கு ஓடிரும். அதனால கோடை உழவு கட்டி கட்டியா கிடக்கற மாதிரி போடணும், ரோட்டவேட்டர் விட்டு மாவா ஆக்கக்கூடாது, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை உளிக்கலப்பை போட்டு அடியில இறுகிக் கிடக்கற தட்டை உடைக்கணும், சரிவுக்கு குறுக்க உழுது சின்ன சின்ன பாத்தியா வரப்பு கட்டி மழையை அந்தந்த இடத்துலயே நிறுத்தணும். நிறுத்தின தண்ணி மெதுவா இறங்க நேரம் வேணும், கரிசலுக்கு நேரம்தான் முக்கியம்.

மழை முடிஞ்ச பிறகு அதே வெடிப்பு எதிரியாயிரும். வெடிப்போட ரெண்டு சுவத்துலேருந்தும் அடி ஈரம் ஆவியாகும், வேரையும் அறுக்கும். மார்கழியில களைக்கொத்தோ ஊடு உழவோ போட்டு மேல ரெண்டு இன்ச் மண்ணை புழுதியா வச்சா வெடிப்பு மூடும், கீழேருந்து மேல ஏறி வர்ற ஈரத்தோட பாதை அறும், களையும் போகும். களை எடுக்கறதுதான் இதுல பெரிய லாபம்னு நான் சொல்லுவேன், ஒரு களைச்செடி இழுக்கற தண்ணியும் அதே 140லேருந்துதான் போகுது. ஆள் கிடைக்கலன்னு இந்த ஒரு கொத்தை விட்டுறாதீங்க.

இயற்கை உரம் பத்தி நெட்டுல ஒரு பெரிய எண் சுத்துது, மண்ணுல ஒரு சதவீதம் மக்கு கூடினா ஏக்கருக்கு 75 ஆயிரம் லிட்டர் தண்ணி கூடுதலா புடிக்கும்னு. அது அளவுக்கு மீறின பேச்சு. மினாஸ்னி, மெக்பிராட்னிங்கற மண் விஞ்ஞானிங்க ரெண்டு பேரும் 2018ல உலகம் பூரா இருந்த அளவீடுகளை சேர்த்து பார்த்தாங்க, கரிமச்சத்து ஒரு சதவீதம் கூடினா பயிருக்கு கிடைக்கற தண்ணி சராசரியா 100 மில்லிமீட்டர் மண்ணுக்கு 1.16 மில்லிமீட்டர் கூடுது, அவ்வளவுதான். 15 சென்டிமீட்டர் மேல் மண்ணுக்கு 1.7 மில்லிமீட்டர், ஏக்கருக்கு 7000 லிட்டர் சொச்சம். மணல்ல இதைவிட கூடுதல், களியில இன்னும் குறைவு. நம்ம ஊர் மண்ணுல கரிமச்சத்து பெரும்பாலும் அரை சதவீதத்தை ஒட்டித்தான் நிக்குது, அதை ஒரு சதவீதம் ஏத்தறதும் லேசுப்பட்ட வேலை இல்ல. இதுக்காக குப்பை போடாதீங்கன்னு சொல்லவே மாட்டேன், தாராளமா போடுங்க, ஏன்னா அதோட உண்மையான பலன் வேற, துகள்களை சேர்த்து கட்டி ஓட்டையை திறந்து வைக்கும், மேல் மண்ணு ஆடை கட்டாம மழை உள்ள இறங்கும், வேர் ஆழமா போகும். ஓடைக்கு போற 20 மில்லிமீட்டர் மழை உள்ள இறங்கினாலே அது 80 ஆயிரம் லிட்டர் ஆச்சே.

எப்ப தண்ணி குடுக்கறதுன்னு தெரிஞ்சுக்க கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் ஒரு ஈரமானி பண்ணியிருக்காங்க, கம்பியை மண்ணுல குத்தினா நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்புன்னு லைட்டு எரியும். டென்சியோமீட்டர்னு ஒண்ணு இருக்கு, அது மண்ணோட பிடியையே நேரா அளக்கும், ஆனா 0.8 பாருக்கு மேல வேலை செய்யாது, அதனால மிளகாய், வெங்காயம், சொட்டுநீர் தோட்டத்துக்கு அருமையா இருக்கும், மானாவாரி பருத்திக்கு உதவாது. ரெண்டும் இல்லன்னா கைதான். ஒரு அடி ஆழத்து கரிசலை எடுத்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல அழுத்தி நாடாவா தள்ளுங்க, நீளமா நெளிஞ்சு வந்தா இருப்பு உண்டு, உருண்டை பிடிக்க முடியுது ஆனா நாடா வரும்போதே உடையுதுன்னா பாதிக்கு கீழ போயாச்சு. செம்மண்ணுக்கு இந்த நாடா கணக்கு செல்லாது, அங்க உருண்டை உடையாம நின்னாலே ஈரம் நல்லா இருக்குன்னு அர்த்தம். ஒவ்வொரு மண்ணுக்கும் தனியா கைப்பழக்கம் வேணும், மாமா ஊரு பழக்கத்தை இங்க கொண்டு வந்தா தப்பாயிரும்.

கடைசியா கண்மாய் வண்டல். உங்க கரிசலுக்கு தண்ணி பிடிக்கறதுக்காக வண்டல் வேண்டாம், ஏற்கனவே களி அதிகம், இன்னும் களி போட்டா வாடல் நிலையும் சேர்ந்துதான் ஏறும். மாமாவோட மணல் செம்மண்ணுக்குத்தான் அது தங்கம், தாலுகா ஆபீஸ்ல அனுமதி வாங்கி அவரை எடுக்க சொல்லுங்க. ஏக்கருக்கு 15 சென்டிமீட்டர் மேல் மண்ணு 600 கன மீட்டர், அதுல பத்துல ஒரு பங்கு வண்டல் ஆகணும்னா 60 கன மீட்டர், ஒரு யூனிட் (100 கன அடி) டிராக்டர் லோடுல இருபது இருபத்தோரு லோடு வரும், ரெண்டு லோடு தூவிட்டு ஒண்ணும் ஆகலன்னு சொல்லக்கூடாது. அடிச்ச பிறகு உழுது நல்லா கலக்கணும், மேல ஒரு அடுக்கா விட்டா நுண்ணு மண்ணு மேலயும் பருமண்ணு கீழயும் ஆயிடும், அப்ப மேல் அடுக்கு முழுக்க ஊறி சேறாகற வரைக்கும் தண்ணி கீழ இறங்காது. (மாடித்தோட்ட பையில அடியில ஜல்லி போட்டா வடியும்னு நம்புறவங்களுக்கும் இதேதான், ஜல்லிக்கு மேல மண்ணு ஊறியே நிக்கும்.) வண்டலையும் எடுக்கறதுக்கு முன்னாடி இசி பார்த்துக்கோங்க, சில கண்மாய்ல உப்பு உண்டு. உங்க காட்டுக்கு வண்டலுக்கு ஆகற லோடு காசை இந்த கோடையில உளிக்கலப்பைக்கும் பாத்தி வரப்புக்கும் போடுங்க, மீதி இருந்தா தாழ்ந்த மூலையில ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்க, தை மாசம் மிளகாய்க்கு ஒரு தண்ணி அதுலேருந்து வரும்.